சேவையகத்தின் நாட்குறிப்பு

கண்ணெதிரே நில்லாத ஓர் ஊழியனிடம் வேலை வாங்குவோர், அவன் செய்தது இன்னது, செய்யாது விட்டது இன்னது என்பதை அவன் எழுதிவைக்கும் கணக்கினின்றே அறிதல் வேண்டும். வலைத்தளங்களின் பின்னே நின்று விண்ணப்பங்களை வாங்கி விடைகளை அனுப்பும் செயலிச் சேவையகம் இத்தகைய ஓர் ஊழியனே. ‘சர்வர்’ என்று யாவரும் வழங்கும் இதன் வாயைத் திறப்பதும் அடைப்பதும் சில வரிகளே கொண்ட ஓர் அமைப்புக் கோப்பின் வசத்தில் உள்ளன. அக்கோப்பைக் குறித்துக் கலாசாலை மலரில் எழுதப் புகுவதைக் கண்டு நகைப்பாரும் உளராகலாம். கணினித் துறையார்க்கு இது மிகச் சிறிய விஷயம். பிற துறையார்க்கோ தம்மைச் சாராத விஷயம். இவ்விரு எண்ணமும் பிழையென்பதே நமது துணிபு.

இப்பதிவேட்டிற்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று பெயர். லாக் என்பதற்கு மரக்கட்டை என்பது பொருள். முற்காலத்து மாலுமிகள் கப்பலின் வேகத்தை அறியவேண்டி, சீரான இடைவெளியில் முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிவர். குறித்த நேரத்திற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு நழுவின என்று எண்ணி, அதனை ஓர் ஏட்டில் வரைவர். கட்டையின் பெயர் ஏட்டிற்கு ஆயிற்று. ஏட்டின் பெயர் பின்னர்க் கணிப்பொறிக்கும் வந்தது. 1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் ‘மார்க் 2’ என்னும் கணிப்பொறியில், ரிலே ஒன்றினுள் விட்டிற்பூச்சியொன்று சிக்கியிருக்கக் கண்டவர்கள், அப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்தனர். பிழையைப் ‘பூச்சி’ என்று கூறும் ஆங்கில வழக்கு அன்றுதான் பிறந்ததென்று பலர் எழுதுவர். அது சரியன்று, எடிசன் 1878-லேயே அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கின்றார். எனினும் பிழையையும் அது கண்ட இடத்தையும் நேரத்தையும் ஒருங்கே ஏட்டில் இட்ட அச்செயல் நமக்கு மிகவும் உவப்பானது.

பொதுப்படப் பேசிக்கொண்டு போவதினும் ஓர் உதாரணத்தைக் கைக்கொண்டு பேசுதல் தெளிவு தரும். அப்பாச்சி டாம்கேட் என்னும் சேவையகத்தை எடுத்துக்கொள்வோம். ஜாவா மொழியில் இயன்ற இதனை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியார் அப்பாச்சி அமைப்பினர்க்கு அளித்தனர். இன்று யாரும் விலையின்றிப் பெறலாம். இதன் பேச்சை ஆள்வது ‘லாக்கிங்.ப்ராப்பர்ட்டீஸ்’ என்னும் சிறு கோப்பு. செய்திகளின் முதன்மைக்கேற்ப அதில் ஏழு படிகள் உண்டு: சிவியர், வார்னிங், இன்ஃபோ, கான்ஃபிக், ஃபைன், ஃபைனர், ஃபைனஸ்ட் என்பன. முதற்படியில் வீடு பற்றி எரிகின்றது என்பது போன்ற செய்திகளே வரும். ஏழாம் படியில் ஈ பறந்ததும் இலை அசைந்ததும் வரும். எப்படியில் நிறுத்துகின்றோமோ, அதற்குக் கீழுள்ளவை ஏட்டில் ஏறா.

இங்கேதான் மாணாக்கர் பெரும்பாலும் இடறுகின்றனர். செய்தியைச் சொல்லுவோன் ஒருவன்; அதனை வாங்கி ஏட்டில் எழுதுவோன் மற்றொருவன். முன்னவனுக்கு லாக்கர் என்றும் பின்னவனுக்கு ஹேண்ட்லர் என்றும் பெயர். இருவருக்கும் தனித்தனிப் படி உண்டு. சொல்லுவோனை ஃபைன் படிக்கு இறக்கிவிட்டு, எழுதுவோனை இன்ஃபோ படியிலேயே விட்டுவிட்டால், அவன் சொல்லச் சொல்ல இவன் செவிடன்போல் இருப்பான். ஏட்டில் ஒரு வரியும் கூடாது. மாணாக்கனோ, கோப்பைத் திருத்தியும் பயனில்லையே என்று சினந்து, எல்லாவற்றையும் கடைசிப் படிக்குத் தள்ளிவிடுகின்றான். உடனே ஆற்றுமதகு திறந்தாற்போல் வரிகள் பெருகுகின்றன. தான் தேடிய ஒரு வரி அவ்வெள்ளத்தில் எங்கோ மூழ்கிப் போகின்றது. எந்த நிரற்பகுதியின்மேல் ஐயமோ அப்பகுதியின் பெயரை மட்டும் கோப்பில் எழுதி, அதனை மட்டும் இறக்கும் வழி உண்டு என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

மற்றொன்று. டாம்கேட்டின் ஏடு ஒன்றன்று, பல. செயலியொன்று தொடங்கமாட்டாது வீழுமாயின், ‘கேட்டலினா’ என்று தொடங்கும் ஏட்டில், முழு விவரமும் வேறொரு ஏட்டில் காண்க என்னும் ஒரு வரி மட்டும் இருக்கும். அவ்வேறு ஏடு ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தொடங்குவது. அதனைத் திறந்து பாராமலே, காரணம் தெரியவில்லை என்று கைவிட்டு, நிரல் முழுவதையும் மீண்டும் எழுதப் புகுவாரும் உண்டு. அடுத்த அறையில் விடை இருக்க, ஊரெல்லாம் விசாரிப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

சேவையகத்தைப் பேசவிடும் அளவைப் பற்றி இரு கட்சியினர் உளர். ஒரு கட்சியார், தட்டின் இடம் இக்காலத்தில் மலிவு. ஆதலின் எல்லாவற்றையும் எழுதிவை என்பர். மற்றவர், வேகம் குறையும், குப்பை பெருகும். ஆதலின் பிழைகளை மட்டும் எழுது என்பர். முதற் கட்சியார்க்கு விடையாகக் ‘கேட்டலினா.அவுட்’ என்னும் கோப்பைக் காட்டுவோம். யூனிக்ஸ் வகைப் பொறிகளில், செயலிகள் திரையை நோக்கி வெறுமனே கூவுவனவெல்லாம் இதில் வந்து சேர்கின்றன. மற்ற ஏடுகள் நாள்தோறும் புதிதாகத் தொடங்கும். இதனையோ டாம்கேட் தானாக முறித்துப் புதுக்குவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் ஏற்பாடு செய்தாலன்றி இது வளர்ந்துகொண்டே போய்த் தட்டு முழுவதையும் நிரப்பிவிடும். தட்டு நிரம்பினால் ஏடு எழுதுவது மட்டுமா நிற்கும்? அதே தட்டில் இடம் வேண்டி நிற்கும் தரவுத்தளமும் நிற்கும். விண்ணப்பத்தோடு வந்து சேரும் சான்றிதழ்ப் படங்களை இறக்கி வைக்கவும் இடமிராது. நோயைக் கண்டறிய வைத்த கருவியே நோயாவது இவ்வாறுதான்.

ஆயினும், இரண்டாங் கட்சியாரின் மௌனத்தையும் நாம் ஒப்புவதற்கில்லை. ஒரு மாணாக்கி கலாசாலைச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தைக் கடைசி நாள் இரவு 11 மணி 58 நிமிஷத்திற்கு அனுப்பினாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அவள் பெயர் பட்டியலில் இல்லை. அனுப்பினேன் என்கின்றாள் அவள். வரவில்லை என்கின்றது அலுவலகம். அவள் பக்கம் சாட்சி சொல்லுவார் யார்? அவள் கையில் ஒரு சீட்டும் இல்லை. சேவையகத்தின் வருகைப் பதிவேடு ஒன்றே சாட்சி. எந்த முகவரியிலிருந்து, எந்த நொடியில், எப்பக்கத்திற்கு வேண்டுகோள் வந்தது, விடையாகப் போன எண் யாது என்று வரிக்கு ஒன்றாக அதில் எழுதப்பட்டிருக்கும். விடை எண் 500 என்றிருப்பின், அவள் வந்து கதவைத் தட்டினாள், உள்ளே பொறி பழுதுற்றது, குற்றம் அவளதன்று என்பது விளங்கிவிடும். 200 என்றிருப்பினும் விஷயம் முடிந்ததாகாது. ‘மன்னிக்கவும், சேமிக்க இயலவில்லை’ என்னும் பக்கத்தைக்கூட 200 என்னும் எண்ணோடே அனுப்பும் செயலிகள் எத்தனையோ உள. ஆகவே, விண்ணப்பம் தரவுத்தளத்தில் உறுதியாய் இடப்பட்டபின், விண்ணப்ப எண்ணைக் குறித்துச் செயலி தானே ஒரு வரி எழுதுதல் வேண்டும். இவ்வொரு வரியின்றி ஆயிரம் வரிகள் இருந்தும் அம்மாணாக்கிக்குப் பயனில்லை.

நேரத்தைப் பற்றியும் ஈண்டு விரித்துக் கூறவேண்டியிருக்கின்றது. சேவையகங்கள் பல, உலகப் பொது நேரத்தில் ஓடுமாறு அமைக்கப்பட்டுள்ளன. அது நமது நேரத்திற்கு ஐந்தரை மணி பிந்தியது. அம்மாணாக்கியின் 11.58 அங்கே மாலை 6.28 என்று பதிவாகியிருக்கும். அலுவலகத்தார் இரவு 11 மணி, 12 மணிப் பகுதியைப் புரட்டிப் பார்த்து, இல்லை என்று கூறிவிட்டால் அவள் ஓராண்டை இழப்பாள். மற்றொருவன் நள்ளிரவு கடந்து 12.10-க்கு அனுப்பியது, முந்தைய நாள் மாலை 6.40 என்று நிற்கும். தேதியை மட்டும் பார்ப்போர் அவனைக் காலத்தில் வந்தவனாகக் கொள்வர். ஒரே ஏடு ஒருத்திக்கு அநீதியும் மற்றவனுக்குச் சலுகையும் செய்துவிடுகின்றது. டாம்கேட்டின் வருகைப் பதிவில் நேரத்தோடு வேறுபாட்டு எண்ணும் கூடவே எழுதப்படும்; கேட்டலினா ஏட்டிலோ, நாமாக அமைத்தாலன்றி, அவ்வெண் எழுதப்படுவதில்லை. இவ்விரு ஏடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோர் இதனை மறத்தலாகாது.

எண்களின் அலகும் அவ்வாறே. ஒரு வேண்டுகோளுக்கு விடை தர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை, விழுக்காட்டுக் குறியோடு ‘டி’ என்னும் பேரெழுத்தை அமைப்பில் சேர்த்து எழுதச் செய்யலாம். டாம்கேட்டின் ஒன்பதாம் பதிப்பு வரை அது மில்லிசெகண்டு. பத்தாம் பதிப்பு முதல் மைக்ரோசெகண்டு. பதிப்பை மாற்றிய மறுநாள், சேவையகம் ஆயிரம் மடங்கு மெதுவாகிவிட்டது என்று அலறுவதற்கு இது ஒன்றே போதும்.

ஏட்டில் எழுதத்தகாதவை எவை என்பதே இவ்விஷயத்தில் நம்மை மிகவும் கவல்விப்பது. டாம்கேட்டில் வேண்டுகோள் முழுவதையும் கொட்டிக் காட்டும் ‘ரிக்வெஸ்ட் டம்ப்பர்’ என்னும் வடிகட்டி ஒன்று உண்டு. பிழை தேடும்போது அது மிக வசதி. அனுப்பியவர் நிரப்பிய கட்டங்கள் யாவும், கடவுச்சொல் உட்பட, அப்படியே ஏட்டில் வந்து விழும். பிழை தீர்ந்தபின் வடிகட்டியை எடுத்துவிட நினைவு வருமா? பெரிய கம்பெனிகளுக்கே வரவில்லை. 2018-ம் ஆண்டு மே மாதத்தில் ட்விட்டர் கம்பெனியார், கடவுச்சொற்கள் மறையெழுத்தாக மாற்றப்படுமுன்னரே உள்ளகப் பதிவேட்டில் எழுதப்பட்டு வந்தன என்று அறிவித்து, ஏறத்தாழ 33 கோடிப் பேரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டினர். 2019 மார்ச்சு மாதத்தில் ஃபேஸ்புக் கம்பெனியார், கோடிக்கணக்கானோரின் கடவுச்சொற்கள் தம் ஊழியர் படிக்கக்கூடிய வடிவில் உள்ளகச் சேமிப்பில் இருந்தமையை ஒப்புக்கொண்டனர். அதன்பொருட்டு 2024 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தார் 9 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தனர். அவ்விரு கம்பெனிகளிலும் பூட்டு உடைக்கப்படவில்லை; வீட்டுக்காரரே சாவியின் அச்சைச் சுவரில் வரைந்து வைத்திருந்தார். கலாசாலைச் சேவையகத்தில் கிடப்பன யாவை? மாணாக்கரின் சாதிச் சான்று, குடும்ப வருமானம், ஆதார் எண், தாயின் கைப்பேசி எண். இவற்றை ஏட்டில் எழுதிவிட்டுப் பிழை தேடினோம் என்று கூறுவது தகுமா? ஏட்டைப் படிக்கும் உரிமை பெரும்பாலும் தரவுத்தளத்தைப் படிக்கும் உரிமையினும் எளிதிற் கிடைப்பது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஏடு வாசகம் எழுதுமிடம் மட்டுமே, அதனால் கேடொன்றும் விளையாது என்ற நம்பிக்கையும் 2021-ம் ஆண்டு டிசம்பரில் தகர்ந்தது. ஜாவாச் செயலிகள் பலவும் ஏடெழுதப் பயன்படுத்தி வந்த ‘லாக்4ஜே’ என்னும் நிரற்றொகுதியில், குறித்த வடிவில் அமைந்த சொற்றொடர் ஒன்று ஏட்டில் எழுதப்பட்டால், அதனை வெறும் எழுத்தாகக் கொள்ளாது கட்டளையாகக் கொள்ளும் வசதி 2013 முதல் இருந்து வந்தது. பெயர் எழுதும் கட்டத்தில் அச்சொற்றொடரை ஒருவன் இட்டால் போதும். சேவையகம் அதனை ஏட்டில் வரையப் புகும்போது, அவன் காட்டிய அயற்பொறியை நாடிச் சென்று, அங்கிருந்து வந்த நிரலைத் தன்னுள் ஓடவிடும். அபாயத்தின் அளவுகோலில் இதற்குப் பத்துக்குப் பத்து மதிப்பு இடப்பட்டது. டாம்கேட் தன் சொந்த ஏட்டிற்கு இத்தொகுதியைப் பயன்படுத்தவில்லை. ஆனால் அதன்மேல் ஓடிய செயலிகள் பலவும் பயன்படுத்தியிருந்தன. பிறர் தந்த சொல்லை எவ்வளவு மிகுதியாக ஏட்டில் வரைந்தார்களோ அவ்வளவுக்கு வாயில்களும் மிகுந்திருந்தன என்பதை, எல்லாவற்றையும் எழுதிவை என்னும் கட்சியார் சிந்திப்பாராக.

பிழைச்செய்தி தகாத இடத்திற்குப் போய்ச் சேர்வதும் ஒரு பெருங்கேடு. 1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி எழும்பிய ஐரோப்பியரின் ‘ஏரியான் 5’ ராக்கெட்டு ஒரு நிமிஷங்கூடப் பறக்கவில்லை. திசைகாட்டும் கருவியில் ஓர் எண் தனக்குரிய கலத்தில் அடங்காமற்போகவே, அக்கருவி செயலற்று, தன் பழுதைக் குறிக்கும் சோதனைக் குறியொன்றை அனுப்பியது. அதனை வாங்கிய கணிப்பொறி, அது சோதனைக் குறியென்று அறியாது, பறப்பின் உண்மை விவரமாகவே கொண்டு ராக்கெட்டைத் திருப்பிவிட்டது. வலைச் சேவையகங்களிலும், சிறிய அளவில், இதுவே நிகழ்கின்றது. டாம்கேட் பழுதுறும்போது, நாம் தடுத்தாலன்றி, தன் பதிப்பெண்ணையும் நிரலின் உள்ளடுக்குகளையும் வெளியார் காணும் பக்கத்திலேயே காட்டிவிடும். கெடுக்க வந்தவனுக்கு அது வீட்டின் வரைபடம். விண்ணப்பிக்க வந்த பிள்ளைக்கோ அது பயமுறுத்தும் புரியா மொழி. ‘எரர் ரிப்போர்ட் வால்வ்’ என்னும் பகுதியில் இரண்டு அமைப்புகளை ‘இல்லை’ என்று ஆக்கிவிட்டால் இக்கேடு நீங்கும். உள்ளே விரிவாக எழுதி, வெளியே ஒரு குறிப்பெண்ணை மட்டும் கொடுத்து, ‘இவ்வெண்ணோடு அலுவலகத்தை அணுகுக’ என்று நல்ல தமிழில் கூறுவதே நாகரிகம்.

தமிழ் என்றதும் ஒன்று நினைவிற்கு வருகின்றது. ஜாவாவின் பதினெட்டாம் பதிப்பு 2022-ல் வரும்வரை, எழுத்துமுறையைக் குறித்துச் சொல்லாவிடின் பொறியின் ஊர்வழக்கே கைக்கொள்ளப்பட்டது. அதனால் தமிழில் வந்த சொற்களெல்லாம் ஏட்டில் கேள்விக்குறிகளாய் நிற்கும். அமைப்புக் கோப்பில் யூடிஎஃப்-8 என்று எழுதாத குற்றத்திற்கு, தமிழே கணினிக்கு ஆகாது என்று தீர்ப்புரைத்தாரும் உண்டு.

இனி, ஏடு பேசாத வேளையும் உண்டு. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பக்கம் திறவாது நிற்கும். ஏட்டில் ஒரு பிழையும் இராது. காரணம், பிழை நிகழவில்லை, எல்லாரும் காத்திருக்கின்றனர். டாம்கேட்டில் வேண்டுகோள்களை ஏற்று நடத்தும் திரெட்டுகள், இயல்பமைப்பில், 200 வரை. அவ்விருநூறும் தரவுத்தளத்தின் விடைக்காக வரிசையில் நின்றால் இருநூற்றொன்றாவது மாணாக்கனுக்கு ஆள் இல்லை. அப்போது சேவையகத்தை நிறுத்தித் தொடங்குவதே நம்மவர் வழக்கம். தொடங்கினால் சாட்சி அழிந்துவிடும். யூனிக்ஸில் ‘கில்’ என்னும் கட்டளையை 3 என்னும் எண்ணோடு இட்டால், பெயரைக் கண்டு அஞ்சவேண்டா, பொறி சாகாது. ஒவ்வொரு திரெட்டும் எந்த வரியில் நிற்கின்றது என்று கேட்டலினா.அவுட்டில் எழுதித் தரும். பத்து நொடி இடைவிட்டு மும்முறை இதைச் செய்து, மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்போரைப் பிடித்தல் வேண்டும். பின்னர் நிறுத்தித் தொடங்கலாம்.

நமது முடிபு வருமாறு. வழக்கமான நாட்களில் இன்ஃபோ படி போதும். ஐயம் எழுந்தவிடத்து ஒரு பகுதியை மட்டும், யார் இறக்கினார், எந்த நாளில் மீண்டும் ஏற்றப்படும் என்று அக்கோப்பிலேயே குறிப்பெழுதி, இறக்கலாம். ஏடுகளைச் சேமிக்கும் காலத்தையும் தற்செயலுக்கு விடலாகாது. டாம்கேட்டோடு வரும் கோப்பில் அது 90 நாள் என்றிருக்கின்றது. இந்திய அரசாங்கத்தின் கணினி அவசரச் செயற்குழுவாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ந் தேதியிட்ட ஆணையில், நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் ஏடுகளை 180 நாள் நாட்டெல்லைக்குள் வைத்திருக்கவேண்டும் என்றும், கடிகாரங்களைத் தேசிய நேர மூலத்தோடு ஒத்து ஓடச் செய்யவேண்டும் என்றும் விதித்திருக்கின்றது. 90-ஐ 180 என்று திருத்த ஒரு நிமிஷமும் ஆகாது; கலாசாலைகள் அதனையே தம் அளவாகக் கொள்ளுதல் நலம்.

இறுதி வகுப்பு மாணாக்கர் ஆண்டுதோறும் செய்து காட்டும் செயலிகளைத் தேர்வாளர் ஓடவிட்டுப் பார்த்து மதிப்பெண் இடுகின்றனர். ஏட்டைத் திறந்து பார்ப்பதில்லை. கணினித் துறை ஆசிரியன்மார்க்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்றே. தேர்வாளர் தாமே தரவுத்தளத்தின் இணைப்பை அறுத்துவிட்டு, ஒரு பொய் விண்ணப்பத்தைச் சில கட்டங்களில் தமிழும் ஒரு கடவுச்சொல்லும் இட்டு அனுப்பட்டும். பின்பு, நிரலைப் பாராது ஏட்டை மட்டும் கையில் கொண்டு, நடந்தது யாது, எத்தனை மணிக்கு என்று மாணாக்கனைக் கேட்கட்டும். அக்கடவுச்சொல் ஏட்டில் எங்கேனும் உளதா என்று தேடியும் பார்க்கட்டும். இதற்குப் பத்து நிமிஷத்திற்கு மேல் செல்லாது.